பசிபிக்கில் சூடு, தாம்பரத்தில் வெள்ளம்

2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு ஒரு தண்ணீர் ரயில் போனது. மிரஜ் நகரிலிருந்து பத்து வேகன்களில் ஐந்து லட்சம் லிட்டர் குடிநீர். லாத்தூரில் தண்ணீர்த் தொட்டிகளின் பக்கம் அடிதடி நடந்துவிடக் கூடாதென்று அதற்கு முன்பே 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். அந்த ரயில் போவதற்கு நாலரை மாதம் முன்னால், 2015 டிசம்பர் முதல் தேதி, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டியது, விமான நிலையம் மூடப்பட்டது, முடிச்சூரில் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் கை காட்டினார்கள்.

இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே எல் நினோ, அதாவது நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. பதிவான எல் நினோக்களிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று.

நம் ஊர்த் தொலைக்காட்சிகளில் எல் நினோ என்றால் வறட்சி, அதற்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா என்றால் மழை, அவ்வளவுதான். டெல்லியில் உட்கார்ந்து பார்த்தால் அது பெரும்பாலும் சரி. தமிழ்நாட்டிலிருந்தும் வட இலங்கையிலிருந்தும் பார்த்தால் பாதிதான் சரி. இந்தப் பாதி விஷயத்தை விளக்கமாக யாராவது எழுதுவார்கள் என்று பல வருடங்களாகக் காத்திருந்தேன். சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பசிபிக்குக்குப் போக வேண்டும். சாதாரண ஆண்டுகளில் நிலநடுக்கோட்டை ஒட்டி, தென் அமெரிக்கப் பக்கமிருந்து ஆசியப் பக்கமாக வியாபாரக் காற்று ஓயாமல் வீசுகிறது. வெயிலில் காய்ந்த மேல்மட்டத் தண்ணீரை அது தள்ளிக்கொண்டே போய் இந்தோனேசியாவின் பக்கம் குவிக்கிறது. குவிக்கிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அங்கே கடல்மட்டம் பெருக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். மேற்கில் தண்ணீரின் வெப்பம் 29, 30 டிகிரி. கிழக்கில், மேல்தண்ணீர் விலகிப் போன இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறுகிறது. அதோடு சேர்ந்து ஆழ்கடலின் சத்தும் மேலே வருகிறது. அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை உண்டு அன்சோவெட்டா என்ற மீன் கொழிக்கிறது. நம் நெத்திலிக்குச் சொந்தக்காரன்தான். பெருவின் கடலோரம் உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகளில் ஒன்றாக இருப்பதற்கு இந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் காரணம்.

இரண்டிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாமல், இந்த ஏற்பாடு குலைகிறது. வியாபாரக் காற்று தளர்கிறது. மேற்கில் குவிந்த வெந்நீர் கடலுக்கு அடியில் பெரிய அலையாகக் கிழக்கே நகர்ந்து, இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்காவை எட்டுகிறது. கிழக்கில் தண்ணீர் சூடானதும் இரு பக்கத்துக்கும் இடையே இருந்த அழுத்த வித்தியாசம் குறைகிறது. அது குறைந்தால் காற்று இன்னும் தளர்கிறது. காற்று தளர்ந்தால் தண்ணீர் இன்னும் சூடாகிறது. எது முதலில் தொடங்கியது என்று கேட்டால் பதில் கிடையாது. கடலும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று 1969இல் தெளிவாக எழுதியவர் யாக்கப் பியர்க்னெஸ் என்ற நார்வேக்காரர்.

பெருவின் வடக்கே பைட்டா துறைமுகத்து மீனவர்களுக்கு இந்தச் சூட்டு நீர் வெகு காலமாகவே பழக்கம். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் குழந்தை இயேசுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடும். சில ஆண்டுகள் மட்டும் போகவே போகாது. 1972இல் அப்படித்தான் ஆனது. 1970இல் பெரு பிடித்த அன்சோவெட்டா 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்தது; 1973இல் அது சுமார் 20 லட்சம் டன்னுக்கு இறங்கிவிட்டது. பழியெல்லாம் எல் நினோவுக்கு மட்டும் போகக் கூடாது, அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்துதான் அந்தக் கடலைக் காலி செய்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்த சங்கிலியைப் பாருங்கள். அந்த மீன் பெரும்பாலும் தூளாகி உலகம் முழுவதும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது. மீன்தூள் இல்லாமல் போகவே எல்லோரும் சோயா பக்கம் திரும்பினார்கள். சோயா விலை எகிறியது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. டோஃபுவும் மிசோவும் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத ஜப்பான் அதிர்ந்துபோய் வேறு ஆள் தேடியது. பிரேசிலின் செர்ராடோ புல்வெளிகளில் சோயா விளைவிக்கப் பணம் போட்டது. இன்று உலகச் சோயா ஏற்றுமதியில் முதலிடம் பிரேசிலுக்கு. கடல் சில டிகிரி சூடானதில் தொடங்கியது ஒரு கண்டத்தின் நிலப் பயன்பாட்டில் போய் நின்றது. வானிலையைவிட இந்த மாதிரிக் கிளைக் கதைகள்தான் எனக்கு எப்போதும் சுவாரசியம்.

சரி, பெருவில் மீன் குறைந்தால் லாத்தூரில் ஏன் குடம் காலியாக வேண்டும்? மழை எங்கே பெய்கிறது என்பதை வெந்நீர் இருக்கும் இடம் முடிவு செய்கிறது. சாதாரணமாக இந்தோனேசியாவின் மேல் ஈரக்காற்று எழும்பி, மேகமாகி, கொட்டித் தீர்த்துவிட்டு, மேலடுக்கில் கிழக்கே போய்ப் பெருவின் பக்கம் கீழே இறங்குகிறது. காற்று ஏறும் இடத்தில் மழை. இறங்கும் இடத்தில் பாலைவனம். அடுப்பை அறையின் நடுவே நகர்த்தினால் புகை போகும் வழி மாறுமில்லையா, அதேபோல வெந்நீர் நடுப் பசிபிக்குக்கு நகர்ந்ததும் காற்று எழும்பும் இடமும் நகர்கிறது. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா பக்கம் காற்று இறங்கத் தொடங்குகிறது. பெருவின் பாலைவனத்தில் மழை கொட்டுகிறது. 1998இல் பெருவின் செச்சூரா பாலைவனத்தின் நடுவே ஒரு பெரிய ஏரியே உருவாகி மாதக்கணக்கில் நின்றது.

இது புரிவதற்கு முன்பே நம் ஆட்கள் இதற்கு விலை கொடுத்துவிட்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணம், மைசூர், பம்பாய் தக்காணம் எங்கும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே சமயம் வட சீனாவில் பஞ்சம், பிரேசிலின் சியாராவில் பஞ்சம். 1877-78இல் பசிபிக்கில் மிகப் பெரிய எல் நினோ. எல்லாவற்றையும் எல் நினோவின் கணக்கில் எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மெட்ராஸ் மாகாணத்தில் மழை முதலில் பொய்த்தது 1876இல். அப்போது பசிபிக் சூடாகியிருக்கவே இல்லை, குளிர்ந்துதான் கிடந்தது. குளிர்ந்த பசிபிக் வடகிழக்குப் பருவமழையைக் கெடுக்கக் கூடியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அடுத்த ஆண்டு எல் நினோ வந்து தென்மேற்குப் பருவமழையைக் கெடுத்தது. ஒரு கை அடித்துவிட்டுப் போக, மறு கை வந்து அடித்தது.

அதற்கு மேல் மனிதர் அடித்த அடி தனி. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதுமென்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார். அந்த அளவை உண்டு மண் சுமந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியதுதான். தானிய ஏற்றுமதி அப்போதும் நிற்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் இலங்கைத் தோட்டங்களை நோக்கி நடந்தார்கள். மழையின்மை கடலிலிருந்து வந்தது. பட்டினி கோட்டையிலிருந்து வந்தது என்பதுதான் என் கட்சி.

இந்தப் பஞ்சங்களுக்கும் 1899 வறட்சிக்கும் பின்னால்தான், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடும் வேலை கில்பர்ட் வாக்கரின் தலையில் விழுந்தது. 1904இல் இந்தியாவுக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். வானிலையில் முன் அனுபவம் கிடையாது. பூமராங் எறிவதிலும் புல்லாங்குழலிலும் ஆர்வம். ராமானுஜனின் கதையை விரும்பிப் படிப்பவர்களுக்கு இவர் தெரிந்தவர்தான்: 1913 பிப்ரவரியில் மெட்ராஸ் வந்தபோது துறைமுக குமாஸ்தாவின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் இதே வாக்கர்.

அவர் செய்தது கிட்டத்தட்ட மூர்க்கமான வேலை. உலகின் பல ஊர்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை அளவுகளைச் சேகரித்து, எதற்கும் எதற்கும் சம்பந்தம் இருக்கிறதென்று இந்திய குமாஸ்தாக்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏன் என்ற விளக்கம் அவரிடம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. 1924இல் இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அவர் தேடியது பருவமழைக்கான சூத்திரம். கிடைத்தது அது அல்ல. பூமியின் பாதியை ஆட்டிவைக்கும் ஒரு ஊசலாட்டம். கடலின் பங்கைக் கண்டுபிடித்து இதை முழுமையாக்கிய பியர்க்னெஸ், அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே வைத்தார்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 1982-83இன் பெரிய எல் நினோ வந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வானத்தில் தூசு பரப்ப, செயற்கைக்கோள்கள் கடலை உண்மையில் இருந்ததைவிடக் குளிராகக் காட்டின. தெரிய வருவதற்குள் பெருவில் வெள்ளமும் ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயும் வந்துவிட்டன. அந்த அவமானத்தில்தான் கடலையும் காற்றையும் அளக்கப் பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டு வைத்தார்கள். 1994இல் வேலை முடிந்தது. இன்று நாம் கணினியில் பார்க்கும் வண்ணப் படங்களுக்கு ஆதாரமாக இருப்பவற்றில் அவையும் உண்டு.

மிதவைகள் வந்தபின் 1997இல் வந்தது நூற்றாண்டின் எல் நினோ. இந்தியாவில் எல்லோரும் பெரும் வறட்சிக்குத் தயாரானார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 102 சதவீதம் பெய்துவிட்டுப் போனது. ஐந்து வருடம் கழித்து 2002இல் நடுத்தரமான ஓர் எல் நினோ வந்தது; யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. ஜூலையில் நாட்டின் மழை பாதியானது, பருவம் 81 சதவீதத்தில் முடிந்தது. பலமான எல் நினோவுக்கு மழை, சாதுவான எல் நினோவுக்கு வறட்சி! வானிலைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

விளக்கம் இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று, சூடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம்: தென் அமெரிக்கக் கரையோரச் சூட்டைவிட நடுப் பசிபிக்கின் சூடு இந்தியாவை அதிகம் வாட்டுகிறது. இன்னொன்று நம் சொந்தக் கடல். ஜப்பானில் பணியாற்றிய என். எச். சஜியும் தோஷியோ யமகதாவும் அவர்களுடைய சகாக்களும் 1999இல் இந்தியப் பெருங்கடலிலும் இப்படி ஓர் ஆட்டம் உண்டு என்று காட்டினார்கள். ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகி சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் இந்தியாவுக்குப் பொதுவாக நல்லது. 1997இல் அது பலமாக இருந்து பசிபிக்கின் கெடுதலைத் தடுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் பாவம், அதே ஆட்டம் வெள்ளமாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அதில் பாதி, சுமார் 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. எல் நினோ ஆண்டில் இந்த மூன்று மாதமும் இந்தோனேசியாவின் மேல் காற்று இறங்கி, தரைமட்டத்தில் மேற்காகப் பரவுகிறது. வங்காள விரிகுடாவின் தெற்கில் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று வழக்கத்தைவிட வலுக்கிறது. கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு தமிழகக் கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்கிலும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஜூலையில் எந்தச் சுழற்சி நம் நாட்டை வாட்டியதோ, நவம்பரில் அதே சுழற்சி நமக்கு மழை கொண்டுவருகிறது. லா நினாவில் இது தலைகீழ். 1876இல் நடந்தது அந்த வகை. ஜனவரிக்கு மேல் இலங்கையில் எல் நினோவின் சுபாவம் மீண்டும் மாறி, மழையைக் குறைக்கப் பார்க்கும் என்பது வேறு கதை.

எங்கள் பெரியப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். செய்தியில் எல் நினோ என்று வந்தால் போன் வரும்.

“என்னடா, எல் நினோங்கறான். குறுவை போடலாமா, வேணாமா?”

“குறுவைக்குத் தண்ணி குடகுலேருந்து வரணும் பெரியப்பா. அங்க தென்மேற்கு குறைஞ்சா மேட்டூர் ரொம்பாது.”

“சம்பாவுக்கு?”

“சம்பா சமயத்துல மழை ஜாஸ்தியா இருக்கலாம். மூழ்கிறாம பாத்துக்கணும்.”

“அப்ப ரெண்டு போகமும் நட்டம்னு சொல்லு.”

கேலிதான். ஆனால் 2023இல் கிட்டத்தட்ட அதுவே நடந்தது. ஜூன் 12இல் வழக்கம்போல மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஆகஸ்ட் மாதம், 1901 முதல் வைத்திருக்கும் பதிவுகளில் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டாக ஆனது. கர்நாடகத்திலும் தண்ணீர் இல்லை, வழக்கு, பந்த், போராட்டம் எல்லாம் நடந்தன. டெல்டாவில் குறுவை கருகியது. அக்டோபரில் பாசனத்துக்கு அணையை மூட வேண்டியதாயிற்று. அப்புறம் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. பதினேழு, பதினெட்டாம் தேதிகளில் தாமிரபரணிப் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தமிழகத்தின் ஒரு முழு ஆண்டு மழை, ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது.

அந்த ஆண்டின் பயம் இன்னும் தூரத்துக்கும் போனது. பணவீக்கம், பருவமழை இரண்டையும் பார்த்து ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்ததும், அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைகளுக்காக அடித்துப் பிடித்த காட்சிகள் வாட்சப்பில் சுற்றின. அதே ஆண்டு பெருவில் முதல் அன்சோவெட்டா பருவத்தையே ரத்து செய்தார்கள். பனாமா கால்வாய்க்குத் தண்ணீர் தரும் காட்டூன் ஏரி வற்றியதால், நாளைக்கு 36 கப்பல் போகும் இடத்தில் இருபத்துச் சொச்சமாகக் குறைத்தார்கள். மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு எல் நினோ என்றால் நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். இந்தோனேசியாவின் கரிச்சதுப்பு நிலங்கள் காய்ந்து தீப்பிடித்த 1997இலும் 2015இலும் அங்கே மாதக்கணக்கில் மூச்சுவிடவே கஷ்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல் நினோ என்றால் தமிழ்நாட்டில் வெள்ளம் என்று புதுச் சமன்பாடு எழுதிவிட வேண்டாம். 2016இல் எல் நினோ அடங்கி, பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் எதிர்ப்பக்கம் சாய்ந்தபோது வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, விதி பலித்தது. 2021இல் லா நினா இருந்தும் இயல்பைவிட ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பெய்தது, விதி பலிக்கவில்லை. 2018இல் எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தும் மழை குறைந்து, 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. லாத்தூரைப் பார்த்து உச்சுக் கொட்டிய மூன்றே வருடத்தில்! கடலின் சூடு ஒரு பருவத்தின் சாய்வைத்தான் சொல்லும். எந்த வாரம், எந்தத் தாலுகா என்பதை ஒரு காற்றழுத்தத் தாழ்வு வங்கக் கடலில் எங்கே நிற்கிறது என்பது முடிவு செய்யும். அதைச் சில நாள் முன்னால்தான் சொல்ல முடியும்.

கணிப்பிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. மார்ச் முதல் மே வரை பசிபிக் எந்தப் பக்கம் போகும் என்பதை எந்தக் கணினி மாதிரியும் நம்பிக்கையாகச் சொல்வதில்லை. அந்தச் சமயம் கடலுக்கும் காற்றுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்திருக்கும். சின்னதொரு காற்று வீச்சும் கதையை மாற்றிவிடும். 2014 வசந்தத்தில் 1997 மாதிரி ஒரு ராட்சசன் வருகிறான் என்று உலகமே பேசியது. வரவில்லை. ஒரு வருடம் தாமதித்து, 2015இல் வந்தது. ஆனால் நம் சேனல்கள் எல் நினோவைப் பற்றி அதிகம் கத்துவது சரியாக அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான், ஏனென்றால் தென்மேற்குப் பருவமழைக்கான முதல் முன்னறிவிப்பு ஏப்ரலில் வருகிறது.

தமிழ்நாட்டுக்காரராகக் கேட்டால், ஆகஸ்ட் வரை பொறுங்கள் என்பேன். அதற்குள் பசிபிக்கின் போக்கு பெரும்பாலும் உறுதியாகியிருக்கும். சுமத்ராவின் கரையோரம் தண்ணீர் குளிர்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். எல் நினோவும் இருந்து, ஆப்பிரிக்கப் பக்கக் கடலும் சூடாகியிருந்தால், அக்டோபருக்கு முன் வாய்க்காலைத் தூர் வாருவதும் ஏரிகளில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்று யோசிப்பதும் நல்லது. செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவத்துக்கென்று இந்திய வானிலை ஆய்வுத் துறை தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆங்கிலச் சேனல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. தமிழ் நாளிதழ்களில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வரும். பெரியப்பாவுக்கு நான் அனுப்பி வைப்பது அந்தப் பத்தியைத்தான்.